தேம்ஸ் நதியில் விரைவுப்படகுச் சவாரி: அம்மாவையும் மகனையும் அழைத்துச் செல்லலாமா?

நொய்யல்கரை:

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபர் மாத நடுவில் என் கணவர், பதினோரு வயது மகன், அறுபத்தெட்டு வயதான என் தாயார் ஆகியோருடன் கோயம்புத்தூரிலிருந்து லண்டனுக்கு வருகிறேன். ஊர் சுற்றிப் பார்க்க எங்களுக்குக் கிடைப்பது மிகக் குறைந்த நாட்களே என்பதால், எதற்கு எவ்வளவு நேரமும் பணமும் ஒதுக்குவது என்பதை இங்கிருந்தே முடிவு செய்துகொண்டு வர விரும்புகிறேன்.

தேம்ஸ் நதியில் சிறிய விரைவுப்படகுகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்கிறார்கள் அல்லவா? அதன் காணொளி ஒன்றைப் பார்த்ததிலிருந்து மகன் வேறு எதைப் பற்றியும் பேசுவதில்லை. கட்டணத்தைப் பார்த்தால் நால்வருக்கும் சேர்த்துக் கணிசமான தொகை ஆகும்போல் தெரிகிறது. அந்தத் தொகைக்கு அது தகுமா, அல்லது காணொளியில் மட்டும் அழகாக இருக்கும் வகையா என்பது என் முதல் ஐயம். இரண்டாவது, என் தாயாருக்கு முழங்கால் வலியும் அவ்வப்போது இடுப்பு வலியும் உண்டு. நடமாட்டத்திற்குத் தடையில்லை, ஆனால் படிகளில் இறங்கும்போது ஒருவர் கைபிடிக்க வேண்டும். அவரையும் அதில் ஏற்றலாமா? அவரை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போவதற்கு மனம் ஒப்பவில்லை. மூன்றாவது, நதியின் எந்தப் பகுதியில் ஏறினால் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்த நிறைவு கிடைக்கும்? அங்கேயே வசிப்பவர்களும், ஏற்கெனவே சென்று வந்தவர்களும் தங்கள் கருத்தைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

---

ஈஸ்ட்ஹாம்வாசி:

வணக்கம் சகோதரி. ஊரிலிருந்து வரும் உறவினர்களை இந்தச் சவாரிக்கு அழைத்துச் செல்வது எனக்கு வாடிக்கையாகிவிட்டது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நீங்கள் ஒரே சீட்டில் இரண்டு வெவ்வேறு சவாரிகளை வாங்குகிறீர்கள் என்பதுதான். லண்டன் ஐ என்ற ராட்சத ராட்டினம் அல்லது எம்பாங்க்மென்ட் என்ற கரையோரச் சாலையின் பக்கத்துப் படகுத்துறைகளில் ஏறினால், முதல் பாதி முழுவதும் படகு மிக நிதானமாகவே போகும். நகரின் நடுப்பகுதியில் 12 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது நதியை நிர்வகிக்கும் லண்டன் துறைமுக ஆணையத்தின் விதி. பாலங்கள் நெருக்கமாக இருக்கின்றன. கரையோரம் கட்டிக் கிடக்கும் படகுகளையும் மிதக்கும் துறைமேடைகளையும் விரைந்து செல்லும் படகின் அலை உலுக்கி எடுத்துவிடும். அதனால் இந்தக் கட்டுப்பாடு. டவர் பாலத்தைக் கடந்து வாப்பிங் பக்கம் போன பிறகுதான் ஓட்டுநர் விசையை முழுவதும் திறக்கிறார். அங்கிருந்து கிழக்கேயுள்ள கேனரி வார்ஃப் என்ற வணிகப் பகுதி வரையில் 30 நாட் அளவில், அதாவது மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து, வளைந்து வளைந்து ஓடித் திரும்பும். சாலையில் 55 என்பது ஒன்றுமில்லைதான். ஆனால் நீர்மட்டத்திலிருந்து ஓர் அடி உயரத்தில், முன்னால் கண்ணாடியோ மேலே கூரையோ இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது அந்த வேகம் இரண்டு மடங்காகத் தோன்றும்.

நிதானமாகப் போகும் அந்த முதல் பாதியில்தான் பார்க்க வேண்டிய எல்லாம் இருக்கின்றன. நாடாளுமன்றக் கட்டடத்தைச் சாலையிலிருந்து பார்ப்பவர்கள் அதன் முதுகைத்தான் பார்க்கிறார்கள் என்று நான் சொல்வதுண்டு. அதன் நீண்ட முகப்பு நதியை நோக்கித்தான் கட்டப்பட்டிருக்கிறது. பிறகு 135 மீட்டர் உயரமுள்ள லண்டன் ஐ, கிளியோபாட்ராவின் ஊசி என்று அழைக்கப்படும் எகிப்தியக் கல்தூண், செயின்ட் பால் பேராலயத்தின் குவிமாடம், நடந்து மட்டுமே கடக்கக்கூடிய மில்லெனியம் பாலம், 1971 முதல் அருங்காட்சியகமாக நங்கூரமிட்டு நிற்கும் பெல்ஃபாஸ்ட் என்ற போர்க்கப்பல், லண்டன் கோபுரக் கோட்டை, அதன் பிறகு 1894இல் திறக்கப்பட்ட டவர் பாலம் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். டவர் பாலத்தின் அடியில் போகும்போது அண்ணாந்து பார்க்கும்படி மகனிடம் சொல்லுங்கள். பெரிய கப்பல் வந்தால் அந்தச் சாலை இரண்டாகப் பிளந்து மேலே எழும்பும் என்பதை அடியிலிருந்து பார்க்கும்போதுதான் நம்ப முடியும். இப்போதும் ஆண்டுக்குச் சுமார் 800 முறை அது திறக்கப்படுகிறது.

வழிநெடுக ஒருவர் ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்லிக்கொண்டு வருவார். விளக்கத்தைவிட நகைச்சுவைதான் அதிகம். அதுவும் உள்ளூர்த் தொலைக்காட்சியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு மட்டுமே புரியும் நகைச்சுவை. உங்கள் தாயாருக்கு அதில் சுவை இருக்காது. மகன் சிரிப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பான்.

வாப்பிங்கைத் தாண்டிய இரண்டாம் பாதியில் எதையும் பார்க்க முடியாது. கண்ணில் நீர் வழியும், காற்று முகத்தில் அறையும், அக்கம்பக்கத்தில் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள். அதுதான் அதன் இன்பமே. எனவே முழுச் சவாரியை எடுப்பதானால் லண்டன் ஐ பக்கத்தில் ஏறுங்கள். டவர் பாலத்தை ஒட்டிய துறைகளிலிருந்து புறப்படும் குறுஞ்சவாரிகளில் ஏறிய சில நிமிடங்களிலேயே வேகம் தொடங்கிவிடும், கட்டணமும் குறைவு. ஊரைப் பார்ப்பதற்கு வேறு வழி செய்துகொள்பவர்களுக்கு அதுவே போதும்.

உடை விஷயத்தில் ஒரு வார்த்தை. படகில் மேலே போட்டுக்கொள்ள நீர் புகாத அங்கி பெரும்பாலும் அவர்களே தருவார்கள். அதற்கு மேல் உயிர்காப்பு அங்கியும் உண்டு. ஆனால் துப்பட்டா, சேலை முந்தானை, கழுத்தில் சுற்றும் கம்பளித் துணி ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மூக்குக்கண்ணாடிக்குப் பின்புறம் ஒரு கயிறு கட்டிக்கொள்வது நல்லது. கைப்பேசியை நீட்டிப் படமெடுத்து அதை நதிக்குக் காணிக்கையாக்கிய உறவினர் ஒருவர் எங்கள் குடும்பத்தில் உண்டு. தேம்ஸ் கலங்கிய நதி, விழுந்தது விழுந்ததுதான்.

---

கடலோடி:

நான் வணிகக் கப்பல்களில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். முந்தைய பதிலில் சொல்லப்பட்டவை எல்லாம் சரி. ஆயினும் உங்கள் இரண்டாவது ஐயத்திற்கு இன்னும் விடை வரவில்லை என்பதால் எழுதுகிறேன்: உங்கள் தாயாரை அந்தப் படகில் ஏற்ற வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன். இவ்வகைப் படகுகளை ரிப் என்பார்கள். அடிப்பாகம் கெட்டியான நார்க்கண்ணாடியால் ஆனது. விளிம்பைச் சுற்றிலும் காற்றடைத்த தடித்த குழாய் ஓடும். பார்ப்பவர்களுக்குக் காற்று மெத்தைபோல் மிருதுவானது என்ற எண்ணம் தோன்றும். ஆனால் நீரில் மோதுவது அந்தக் கெட்டியான அடிப்பாகம்தான். வேகமாகப் போகும் படகு ஓர் அலையின் முகட்டிலிருந்து வெளியேறும்போது ஒரு கணம் காற்றில் நிற்கிறது. அடுத்த கணம் படகு கீழே விழுகிறது; இருக்கையும் விழுகிறது; அமர்ந்திருப்பவரும் விழுகிறார். படகை நீர் தடுத்து நிறுத்த, இருக்கை மேலெழும்பும் அதே நேரத்தில் உடல் கீழிறங்கி வருகிறது. அந்த மோதல் முழுவதையும் தாங்குவது முதுகெலும்பின் கீழ்ப்பகுதி. எலும்பு அடர்த்தி குறைந்த வயதில், ஒரே ஒரு மோதலில்கூட முள்ளெலும்பு நசுங்கிவிடக்கூடும். பிரிட்டனின் கடல் விபத்து விசாரணை அமைப்பு, இத்தகைய படகுகளில் முன்வரிசையில் அமர்ந்த பயணிகளுக்கு முதுகெலும்பு முறிந்த நிகழ்வுகளை விசாரித்து அறிக்கைகளே வெளியிட்டிருக்கிறது. அவை பெரும்பாலும் திறந்த கடலில் நடந்தவை. நதியில் அலை சிறியது என்பது உண்மைதான். ஆனால் எதிரே வரும் பெரிய பயணிகள் படகு விட்டுச் செல்லும் அலையைக் குறுக்கே வெட்டும்போது நதியிலும் அதே அடிதான் விழுகிறது. கர்ப்பிணிகளையும் கழுத்து, முதுகு நோய் உள்ளவர்களையும் ஏற்றுவதில்லை என்று நடத்துநர்கள் எழுதி வைத்திருப்பது வெறும் சடங்கு அன்று. சீட்டு வாங்கும்போது அந்த வரியை வாசிக்காமல் ஒப்புக்கொண்டுவிட்டு, துறைக்குச் சென்ற பின் திரும்பி வருவதைவிட இப்போதே முடிவு செய்வது நல்லது.

பதினோரு வயதுச் சிறுவனுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் உயரத்திற்கும் வயதிற்கும் அவரவர் வைத்திருக்கும் வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே உட்கார்வது என்பதும் முக்கியம். படகு ஆடும்போது பின்பகுதி அச்சாகவும் முன்பகுதி அதிகம் ஏறி இறங்குவதாகவும் இருக்கும். எனவே முன்வரிசைதான் அதிகம் தூக்கி அடிக்கும். சிறுவர்கள் முன்வரிசைக்கே ஓடுவார்கள். நீங்கள் நடுவிலோ சற்றுப் பின்னாலோ உட்கார வையுங்கள். தண்ணீர் சற்றுக் கூடுதலாகத் தெறிக்கும், அவ்வளவுதான். இரண்டு பாதங்களையும் தரையில் நன்றாக ஊன்றி, முன்னாலுள்ள கம்பியை இரு கைகளாலும் பிடித்து, முதுகை நேராக வைத்து, அலை வரும்போது கால்களில் கொஞ்சம் எடையைத் தாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பேருந்தில் பள்ளம் வரும்போது நம் ஊரில் எல்லோரும் தன்னையறியாமல் செய்வது அதுதான்.

பாதுகாப்பு விதிகள் குறித்துச் சிறிது. பெரும்பாலான இப்படகுகளில் பன்னிரண்டு பயணிகளுக்கு மட்டுமே இடம் இருப்பதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் 12 பயணிகளுக்கு மேல் ஏற்றினால் அது பயணிகள் கப்பலாகக் கருதப்பட்டு, வேறு வகையான கடுமையான விதிகளுக்கு உட்படும். புறப்படும்முன் ஓட்டுநர் தன் உடலில் ஒரு சிவப்பு நிறச் சுருள்வடத்தை மாட்டிக்கொள்வதைக் கவனியுங்கள். அவர் இடத்தைவிட்டுத் தூக்கி எறியப்பட்டால் அந்த வடம் பிடுங்கப்பட்டு எஞ்சின் உடனே நின்றுவிடும். அதை மாட்டாமல் ஓட்டத் தொடங்குபவரிடம் என் பேரனை நான் ஒப்படைக்க மாட்டேன்.

அபாயமே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2020 ஆகஸ்டில் இங்கிலாந்தின் தெற்குக் கரையில், சவுத்தாம்ப்டன் அருகே, இதே போன்ற சவாரிப் படகு ஒன்று வேகமாகச் சென்று மிதவையில் மோதியதில் பதினைந்து வயதுச் சிறுமி ஒருவர் உயிரிழந்தார். தேம்ஸில் பழைய துயரம் ஒன்றும் உண்டு: 1989 ஆகஸ்ட் 20ஆம் நாள் அதிகாலையில் மார்ஷனெஸ் என்ற உல்லாசப் படகின் மீது மணல் அள்ளும் கப்பல் மோதி, பிறந்தநாள் விருந்துக்காக அதில் கூடியிருந்தவர்களுள் 51 பேர் மூழ்கி இறந்தனர். அதன் பின் நடந்த விசாரணைகளின் விளைவாகவே 2002இல் நதிக்கென்று தனியாக உயிர்காப்புப் படகு நிலையங்கள் தொடங்கப்பட்டன. வாட்டர்லூ பாலத்தை ஒட்டி மிதக்கும் நிலையம், பிரிட்டன், அயர்லாந்து முழுவதிலும் மிக அதிகமான அழைப்புகளுக்குச் செல்லும் நிலையமாக இருக்கிறது. இரவும் பகலும் அங்கே ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். அச்சமூட்டுவதற்காக இதை எழுதவில்லை. உங்கள் மகன் ஏறப்போவது உலகிலேயே மிகக் கவனமாகக் கண்காணிக்கப்படும் நதிப் பகுதிகளுள் ஒன்று என்பதற்காகவே எழுதுகிறேன்.

---

சிக்கனக்காரன்:

என் கருத்து சுருக்கமானது. அதே நதியில், அதே வழியில், கிளிப்பர் என்ற பயணிகள் படகு நாள் முழுவதும் ஓடுகிறது. வேலைக்குப் போகிறவர்கள் அதில் காப்பி குடித்துக்கொண்டே போகிறார்கள். சுரங்க ரயிலுக்குத் தட்டும் அதே ஆய்ஸ்டர் அட்டையைத் தட்டிவிட்டு ஏறலாம். டவர் பாலத்தைத் தாண்டியதும் அதுவும் 25 நாட் வேகத்திற்கு மேல் போகிறது. பின்பக்கத் திறந்த தளத்தில் நின்றால் காற்றும் கிடைக்கும், நுரையும் தெரியும். விரைவுப்படகில் ஒருவர் செல்லும் கட்டணத்தில் குடும்பமே கிளிப்பரில் கிரீனிச் வரை போய்விடலாம். மிச்சமாகும் பணத்தில் ஈஸ்ட்ஹாமில் நால்வரும் வயிறாரச் சாப்பிடலாம். காணொளி பார்த்து ஆசைப்படுவது எல்லாவற்றையும் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தால் முடியுமா?

---

ஈஸ்ட்ஹாம்வாசி:

நண்பர் சிக்கனக்காரன் அவர்களே, சாப்பாட்டைப் பற்றிய பகுதியை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் கிளிப்பரில் 25 நாட் என்பதும் ரிப்பில் 30 நாட் என்பதும் எண்ணில்தான் அருகருகே இருக்கின்றன. கிளிப்பர் இரட்டை உடல் கொண்ட பெரிய படகு. உள்ளே உட்கார்ந்திருந்தால் அது வேகமாகப் போவதே தெரியாது. அதுதான் அதன் சிறப்பு. அந்தப் பையன் கேட்பது அதற்கு நேர் எதிரானதை அல்லவா?

---

மணற்காடு:

அன்பின் சகோதரிக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன்; நெடுங்காலமாக லூயிஷத்தில் வசிக்கிறேன். தேம்ஸின் கீழ்ப்பகுதிக் கரையில் நடப்பது என் வழக்கம். மேலே எழுதிய ஐயாமார் நதியைச் சாலைபோல் வைத்துப் பேசுகிறார்கள்; ஆனால் லண்டன் நடுவே ஓடுவது கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் நீர். நீங்கள் எந்த நாளில், எந்த மணியில் போகிறீர்கள் என்பதே உங்கள் சவாரியைப் பாதி தீர்மானித்துவிடும்.

லண்டன் பாலத்தருகே ஓதத்தின், அதாவது கடல்நீர் அன்றாடம் ஏறி இறங்குவதன், ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு சில நாட்களில் ஏழு மீட்டர் வரை போகும். எங்கள் ஊர்க் கடலில் அமாவாசையன்றுகூட ஒரு மீட்டரைக் காண்பது அரிது. ஏழு மீட்டர் என்றால் இரண்டு மாடி வீட்டின் உயரம். நீர் வற்றியிருக்கும்போது சிறிய படகில் போனால், இரு பக்கமும் பாசி படிந்த கருங்கல் சுவர்தான் தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும். கட்டடங்களின் மேல்பாதி மட்டுமே தெரியும். நீர் நிறைந்திருக்கும்போது படகு கரையோடு கரையாக உயர்ந்துவிடும். எல்லாம் முழுதாகத் தெரியும். அதேவேளை, நீர் வற்றிய நேரத்தில் பார்க்கக் கிடைக்கும் சிலவும் உண்டு: பழைய படித்துறைகள், சேற்றில் நிற்கும் மரக்கட்டைகள், எம்பாங்க்மென்ட் சுவர் நெடுகிலும் வளையத்தை வாயில் கவ்வியிருக்கும் வெண்கலச் சிங்க முகங்கள். அந்தச் சிங்கங்கள் நீர் குடித்தால் லண்டன் மூழ்கும் என்றொரு பழைய சொலவடை இங்குண்டு. அந்தக் கவலையைத் தீர்க்கத்தான் கீழே வூல்விச்சருகில் 520 மீட்டர் அகலத்திற்குத் தேம்ஸ் தடுப்பணையைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

காற்றையும் பார்க்க வேண்டும். இங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ காற்று வீசும். ஓதம் ஏறும்போது நீர் கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. காற்றும் நீரும் எதிரெதிராக மோதினால் நதி முகம் முழுக்கச் சிறுசிறு கூரிய அலைகள் கிளம்பும். படகு தடதடவென்று அடிக்கும். நீர் வடியும் நேரத்தில் இரண்டும் ஒரே திசையில் போவதால் அலை தணிந்திருக்கும். கேனரி வார்ஃப் இருக்கும் ஐல் ஆஃப் டாக்ஸ் என்ற நிலப்பகுதியைச் சுற்றி நதி பெரிதாக வளைவதால் எல்லா இடத்திலும் இந்தக் கணக்கு ஒத்துவராது. ஆனாலும் பொதுவாகச் சரியாக இருக்கும். உங்கள் மகன் ஆட்டத்தை விரும்பினால் ஓதம் ஏறும் நேரம். நீங்கள் அவ்வளவு துணிச்சல்காரி இல்லையென்றால் உச்சநீர் கழிந்து வடியத் தொடங்கும் நேரம். ஓத அட்டவணையைத் துறைமுக ஆணையமே வெளியிடுகிறது.

இனி, வாப்பிங்கைத் தாண்டினால் பார்க்க ஒன்றுமில்லை என்று எழுதப்பட்டதில் எனக்கு உடன்பாடு இல்லை. பார்க்க முடியாத வேகத்தில் கொண்டுபோகிறார்கள் என்பதே உண்மை. வாப்பிங்கில் 1798இல் தொடங்கப்பட்ட நதிக் காவல் படை இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. லண்டன் மாநகரக் காவல் துறை பிறந்ததே 1829இல்தான். கப்பலில் வரும் சரக்கு கரை ஏறுவதற்குள் களவு போவதைத் தடுக்க வணிகர்கள் பணம் போட்டு ஏற்படுத்திய படை அது. அதற்குச் சற்றுக் கீழே, படகின் அடியில், நதிக்குக் கீழாக 1843இல் திறக்கப்பட்ட சுரங்கப்பாதை போகிறது. கப்பல் போகும் நதியின் அடியில் உலகில் முதன்முதலாகத் தோண்டப்பட்டது அது. இப்போதும் அதற்குள் ரயில் ஓடுகிறது. எதிர்க்கரையில் ராதர்ஹைத். 1620இல் அமெரிக்காவுக்குக் குடியேறிகளைக் கொண்டுசென்ற மேஃபிளவர் கப்பலும் அதன் தலைவனும் அந்த ஊரைச் சேர்ந்தவர்கள்.

கேனரி வார்ஃபின் கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கும் இடம் 1802இல் வெட்டப்பட்ட மேற்கிந்தியத் துறைமுகக் குளங்கள். சர்க்கரையும் ரம்மும் அங்கே இறங்கின. அதையும் சுற்றிக் கடந்து போனால் பிளாக்வால். அங்கே 1806இல் கிழக்கிந்தியத் துறைமுகக் குளங்கள் திறக்கப்பட்டன. நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்: சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் போய்வந்த கிழக்கிந்தியக் கும்பினிக் கப்பல்கள் மிளகும் துணியும் தேயிலையும் ஏற்றிவந்து சேர்ந்த கரை அது. அந்தக் கப்பல்களில் வேலை செய்த ஆசிய மாலுமிகள் பலர் ஊர் திரும்ப வழியின்றி லைம்ஹவுஸ் தெருக்களில் தங்கிப்போனார்கள். குறுஞ்சவாரிகள் பிளாக்வால் வரை போவதில்லை, கேனரி வார்ஃபிலேயே திரும்பிவிடும். அந்தக் கரையைப் பார்க்க விரும்பினால் கிளிப்பரில் நார்த் கிரீனிச் வரை போங்கள், எதிர்க்கரையில் தெரியும்.

இன்னுமொன்று, இது சிறுவர்களுக்குப் பிடிக்கும். இங்கே பாலங்களில் பழுது பார்க்கும்போது சாரம் கட்டினால், வளைவின் கீழே படகு போகும் உயரம் குறைந்துவிடும் அல்லவா? அதை எச்சரிக்கப் பகலில் ஒரு வைக்கோல் கட்டையும் இரவில் ஒரு வெள்ளை விளக்கையும் அந்த வளைவிலிருந்து தொங்கவிட வேண்டும் என்பது இன்றும் நடைமுறையிலிருக்கும் விதி. கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே ஒரு வைக்கோல் கட்டு தொங்குவதைக் கண்டால் மகனுக்குக் காட்டுங்கள்.

---

நொய்யல்கரை:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கடலோடி ஐயா எழுதியதைத் தாயாரிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்கு அதில் ஏறும் எண்ணமே இருந்ததில்லையாம். நாங்கள் வற்புறுத்துவோம் என்று பயந்துகொண்டிருந்திருக்கிறார். ஆக, நானும் மகனும் டவர் பாலத்துப் பக்கத்திலிருந்து புறப்படும் குறுஞ்சவாரியில் போவது, கணவரும் தாயாரும் வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து கிளிப்பரில் கிரீனிச் செல்வது, பிறகு நாங்களும் கிளிப்பர் பிடித்து அங்கே போய்ச் சேர்ந்துகொள்வது என்று திட்டமிட்டிருக்கிறோம். செலவும் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. சிக்கனக்காரன் அவர்கள் மகிழ்வார் என்று நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். மழை பெய்தால் சவாரியை நிறுத்திவிடுவார்களா? கிளிப்பரில் ஏறுவதற்குத் தாயார் படிகளில் இறங்க வேண்டியிருக்குமா?

---

ஈஸ்ட்ஹாம்வாசி:

நல்ல ஏற்பாடு. மழைக்கு நிறுத்தமாட்டார்கள், மழைக்கெல்லாம் நிறுத்தினால் இந்த ஊரில் தொழில் செய்ய முடியாது. ஆனால் முகத்தில் விழும் ஒவ்வொரு துளியும் அந்த வேகத்தில் அரிசியை அள்ளி வீசியதுபோல் இருக்கும் என்பதால், வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து, தேதியை மாற்றிக்கொள்ள இடமளிக்கும் சீட்டாக வாங்குங்கள். பலத்த காற்றோ மூடுபனியோ இருந்தால் அவர்களே ரத்து செய்வார்கள். அக்டோபர் நடுவில் மாலை ஆறு மணியளவில் சூரியன் மறைந்துவிடும், குளிரும் சேர்ந்துகொள்ளும். எனவே பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குள் முடியும்படி வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு உள்ளே ஒரு கம்பளிச் சட்டையும் மாற்றுக் காலுறையும் அவசியம். கால்சட்டை நனையும்.

---

மணற்காடு:

இரண்டாவது ஐயத்திற்கு நான் விடை சொல்கிறேன். துறைமேடைகள் நீரில் மிதப்பவை. கரையிலிருந்து அவற்றுக்கு இறங்கப் படிகள் இல்லாத சாய்வுப் பாலம் இருக்கிறது. அந்தப் பாலத்தின் சாய்வு நீர்மட்டத்தைப் பொறுத்தது. உச்சநீரின்போது ஏறத்தாழச் சமதளமாக இருக்கும். அடிநீரின்போது முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறங்குவது கடினம் என்று சொல்லத்தக்க அளவுக்குச் செங்குத்தாகிவிடும். இரு பக்கமும் கைப்பிடி உண்டு. ஆனாலும் உங்கள் தாயார் கிரீனிச்சில் இறங்கும் நேரம் உச்சநீரை ஒட்டி, முன்பின் இரண்டு மணி நேரத்திற்குள் இருக்கும்படி நாளைத் தேர்ந்தெடுத்தால் அவருக்கு நிம்மதி. உச்சநீர் நாளுக்கு நாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தி வரும்; ஒரு நாள் காலையில் ஒத்துவராவிட்டால், சில நாட்கள் கழித்து அதே மணியில் ஒத்துவரும். உச்சநீர் கழிந்து வடியும் நேரத்தில் உங்கள் சவாரியும் அமைந்துவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

கிரீனிச் துறையில் இறங்கியதுமே கட்டி சார்க் என்ற பழைய பாய்மரக் கப்பல் நிற்கிறது. 1869இல் சீனத் தேயிலை ஏற்றிவரக் கட்டியது. அதன் அருகே உட்காரப் பலகைகள் உண்டு. அம்மாவும் உங்கள் கணவரும் அங்கே காத்திருக்கலாம். துறையிலிருந்து ஏறி வரும் ஒவ்வொருவரும் அந்தக் கப்பலைக் கடந்துதான் வர வேண்டும் என்பதால் ஒருவரையொருவர் தவறவிட வழியில்லை.

---

கடலோடி:

கிளிப்பரில் உங்கள் தாயாரைப் பின்பகுதியில், உள்ளே, சன்னலை ஒட்டி உட்கார வையுங்கள். அங்கே ஆட்டம் மிகக் குறைவு. வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து கிழக்கே போகும்போது செயின்ட் பால் பேராலயமும் கோட்டையும் இடப்பக்கம் வரும். எனவே இடப்பக்கச் சன்னலைக் கேட்டு வாங்குங்கள். படகு துறையில் முழுவதும் அணைந்து, பணியாளர் கயிற்றைக் கட்டி, வழியைத் திறந்துவிட்ட பிறகு எழுந்தால் போதும் என்று அவரிடம் சொல்லி வையுங்கள்.